உளுந்தின் வேரில் ஒரு கணக்கு

உளுந்துச் செடி ஒன்றை வேரோடு பிடுங்கிப் பாருங்கள். வேரில் சிறு மணிகளைப் போன்ற முடிச்சுகள் காணப்படும். அவற்றுள் வாழும் ரைசோபியம் என்னும் நுண்ணுயிர்கள், காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்கு உணவாக்குகின்றன. புதுக்கோட்டை மாவட்டம் வம்பனிலுள்ள தேசியப் பயறு ஆராய்ச்சி மையம் தந்த உளுந்து வகைகளைப் பயிரிடும் நம் குடும்பங்களுக்கு இது புதுச் செய்தியன்று.

மண்ணின் இளஞ்சூட்டில் நுண்ணுயிர் செய்யும் இவ்வேலையை, மனிதன் ஆலையில் 400 டிகிரிக்கும் மேற்பட்ட வெப்பத்திலும் கடும் அழுத்தத்திலும் செய்கிறான். யூரியாவின் மூலப்பொருளான அம்மோனியா அவ்வாறே பிறக்கிறது.

நுண்ணுயிரின் இரகசியம் ஒரு நொதியில் உள்ளது. அதன் நடுவே 7 இரும்பு, 9 கந்தகம், 1 மாலிப்டினம், 1 கார்பன் அணுக்கள் கூடியிருக்கின்றன. அங்கே எலெக்ட்ரான்கள் படிப்படியாக என்ன செய்கின்றன என்னும் கணக்கு, பெருங்கணிப்பொறிகளையும் திணற வைக்கிறது.

இத்தகைய கணக்கிற்கு இயற்கையின் விதிப்படியே இயங்கும் பொறி வேண்டும் என்று 1981-இல் அறிஞர் ஃபெயின்மன் கூறினார். அதுவே குவாண்டம் கணிப்பொறி. ஆனால் அதன் அலகாகிய கியூபிட், சிறு சலனத்திலும் பிழைபட்டுவிடும். எனவே, ஒரு சாட்சியை மட்டும் நம்பாது பலரை விசாரிப்பதுபோல, பல கியூபிட்டுகளைச் சேர்த்துப் பிழை திருத்துகின்றனர். கூட்டம் பெருகப் பெருகப் பிழை குறைவதை, 105 கியூபிட்டுகள் கொண்ட கூகுளின் வில்லோ சில்லு 2024-இல் மெய்ப்பித்தது.

மேற்சொன்ன நொதிக் கணக்கிற்கோ ஏறத்தாழ 40 இலட்சம் கியூபிட்டுகளும் நான்கு நாட்களுக்குச் சற்றுக் குறைவான நேரமும் தேவை என்று 2021-இல் ஆய்வாளர் மதிப்பிட்டனர். இந்திய அரசு 2023-இல் 6,003 கோடி ரூபாயில் ஏற்ற தேசியக் குவாண்டம் இயக்கத்தின் இலக்கோ, எட்டு ஆண்டுகளில் 50 முதல் 1,000 கியூபிட்டுகள் வரையே.

ஆகவே, முதலில் வரும் பிழை தாங்கும் பொறிகள் சிறியவையாகவே இருக்கும். அவற்றிற்கு என்ன வேலை கொடுப்பது? அவ்வேலை சாதாரணக் கணிப்பொறிக்கு எட்டாததாக இருக்க வேண்டும்; சிறு பொறிக்குள் அடங்க வேண்டும்; விடை யாருக்கேனும் பயன்பட வேண்டும். மூன்றும் ஒருங்கே அமைவது அரிது. சாதாரணக் கணிப்பொறியின் வழிமுறைகளும் வளர்ந்துகொண்டே வருவதால் போட்டி கடுமையாகிறது. விடை கிடைத்தாலும் மறுநாளே உரமூட்டையின் விலை இறங்கிவிடாது; வேதியியலார் உழைப்பும் வயல்வெளிச் சோதனையும் மீதமிருக்கும்.

பொறியைச் செய்வது ஒரு திறமை. அதனிடம் கேட்கத் தகுந்த கேள்வியைக் கண்டறிவது மற்றொரு திறமை. கணிதம் பயிலும் உங்கள் பிள்ளையை ஒருநாள் உளுந்து வயலுக்கு அழைத்துச் சென்று, அந்த வேரைக் காட்டுங்கள்.