கெண்டைக்கால் எவ்வளவு இறுகியிருக்கு?

தேற்றாத்தீவில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. மணலில் கால் புதையக் கரைவலை இழுப்பவருக்கும், தண்ணீருக்குள் நின்று வலை வீசுபவருக்கும் கெண்டைக்கால் கல்லு மாதிரி இறுகுவது புதினமில்லை. ஆனால் அந்த இறுக்கம் எவ்வளவு? பெருவிரலால் அமுக்கிப் பார்த்தால் ஆளுக்காள் ஒவ்வொன்று சொல்வார்கள்.

செலவில்லாத வழி சுவர்தான். சுவரைப் பார்த்து நின்று, குதிக்கால் எழும்பாமல் முழங்காலை மடித்துச் சுவரில் தொடுங்கள். தொட்டால் பாதத்தைக் கொஞ்சம் பின்னுக்கு எடுத்து மறுபடி தொடுங்கள். தொட முடிகிற கடைசி இடத்தில், சுவருக்கும் கால் பெருவிரலுக்கும் இடையே எத்தனை சென்ரிமீற்றர் என்று அடிமட்டம் வைத்துப் பாருங்கள். இதில் ஒரு சிக்கல் உண்டு. கெண்டையின் மேல்தசை முழங்காலையும் தாண்டிப் போவதால், முழங்கால் மடிந்ததும் அது தளர்ந்துவிடும். அகப்படுவது பெரும்பாலும் அடித்தசையின் இறுக்கமும் கணுக்கால் மூட்டின் இறுக்கமும்தான். மேல்தசையைப் பிடிக்க முழங்காலை நீட்டிவைத்தும் பார்க்க வேணும்.

பாரிசவாதம் வந்தவருக்கு இயன்மருத்துவர் பாதத்தை அசைத்து 0 முதல் 4 வரை புள்ளி போடுவார். 1964இல் வந்த இந்த ஆஷ்வர்த் அளவை 1987இல் திருத்தினார்கள். கைப்பழக்கத்தை நம்பிய முறை. நரம்புக் கோளாறால் வரும் முறுக்கும் அதே புள்ளிக்குள் சேர்ந்துவிடும்.

கருவிகளும் இருக்கின்றன. எஸ்தோனியாவில் செய்யும் மயோட்டன், தோலின் மேல் 15 மில்லி செக்கன் மெல்லத் தட்டி, தசை அதிர்வதைக் கணிக்கும். கையடக்கம்தான், ஆனால் தோலும் கொழுப்பும் கணக்கில் கலக்கும், ஆழத்துத் தசை சரியாக அகப்படாது. அல்ட்ராசவுண்ட் ஸ்கான் கருவியோ தசைக்குள் குறுக்கலை ஓடும் வேகத்தைப் பார்க்கிறது. தசை இறுக இறுக அலை விரையும். வேகம் செக்கனுக்கு 2 மீற்றர் என்றால் விறைப்பு ஏறத்தாழ 4 கிலோபாஸ்கல். சில கருவிகள் அதையே மூன்றால் பெருக்கி 12 என்று காட்டும்! எந்தக் கணக்கு என்று கேட்காமல் இரண்டு அறிக்கைகளை ஒப்பிடக் கூடாது. எம்.ஆர்.ஐ.யில் அலையைப் படமாக்கும் வழியை 1995இல் 'சயன்ஸ்' இதழில் எழுதியவர்களில் முதற்பெயர் முத்துப்பிள்ளை. நுணுக்கமான முறைதான், ஆனால் எங்கள் கைக்கெட்டாத விலை.

மயோட்டன் காட்டும் நியூட்டன்/மீற்றர் அளவைக் கிலோபாஸ்கலாக மாற்றவும் வழியில்லை. பயிற்சியால் குணம் தெரிகிறதா என்று பார்க்க, என் கணிப்பில் சுவரே போதும். ஒவ்வொரு முறையும் நாளின் ஒரே நேரத்தில், ஒரே விதமாக, இரண்டு காலையும் பாருங்கள். ஒரு காலில் மட்டும் திடீரென வீக்கமும் சூடும் நோவும் வந்தால் அளந்துகொண்டிருக்க வேண்டாம். நாளத்தில் இரத்தம் கட்டியிருக்கலாம். அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள்.