நம்பாதவர்கள் எப்போது நம்பினார்கள்?

ரிச்சர்ட் முல்லர் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியராக இருந்தவர். பூமி சூடாகிக்கொண்டே போகிறது என்று காலநிலை விஞ்ஞானிகள் காட்டிய வரைபடங்களில் அவருக்கு நம்பிக்கை இல்லை. 2009 நவம்பரில் இங்கிலாந்தில் சில காலநிலை விஞ்ஞானிகளின் மின்னஞ்சல்கள் திருடப்பட்டு வெளியானபோது, அந்த அவநம்பிக்கை கோபமாகவே மாறியது. அடுத்த ஆண்டு அவர் ஒரு முடிவெடுத்தார். பிறர் போட்ட கணக்கைக் குறை சொல்வதைவிட, முதலிலிருந்து தானே கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவது.

மகள் எலிசபெத்துடன் சேர்ந்து அவர் தொடங்கிய 'பெர்க்லி எர்த்' குழுவில் சால் பெர்ல்மட்டரும் இருந்தார். பிரபஞ்சம் மேலும் மேலும் வேகமாக விரிகிறது என்று கண்டதற்காக 2011-இல் நோபல் பரிசு பெற்றவர். பணம் கொடுத்தவர்களில் சார்ல்ஸ் கோக் அறக்கட்டளையும் ஒன்று; தந்த தொகை 1,50,000 டாலர். எண்ணெய்த் தொழிலில் பெரும் செல்வம் சேர்த்த கோக் குடும்பம், காலநிலை அறிவியலைச் சந்தேகித்த அமைப்புகளுக்கு அள்ளிக் கொடுத்த குடும்பம். அதனால் அறிவியல் உலகம் இந்த முயற்சியைக் கொஞ்சம் கவலையோடுதான் பார்த்தது.

முல்லரின் சந்தேகங்கள் அற்பமானவை அல்ல. உலகெங்கும் வெப்பமானிகள் இருக்க, ஒரு பகுதியை மட்டும் எடுத்துக் கணக்கிட்டது ஏன்? நகரங்கள் வளர்ந்து சிமென்டும் தாரும் சூழ்ந்துவிட்டதால் அங்குள்ள வெப்பமானிகள் கூடுதலாகக் காட்டுகின்றனவோ? குளிரூட்டியின் வெப்பக்காற்று படும் இடத்திலும் வாகன நிறுத்துமிடத்தின் ஓரத்திலும் இருக்கும் நிலையங்களை எப்படி நம்புவது? பழைய அளவீடுகளை விஞ்ஞானிகள் 'சரிசெய்கிறோம்' என்று திருத்துகிறார்களே, அந்தத் திருத்தத்தில் விருப்பு வெறுப்பு நுழைந்திருக்காதா? யாராக இருந்தாலும் கேட்கவேண்டிய கேள்விகள் இவை.

குழு 36,000-க்கும் அதிகமான நிலையங்களின் பதிவுகளைத் திரட்டியது. திருத்தங்களை மனிதக் கை தொடாமல் கணினியே செய்யும்படி வழி வகுத்தது. நகரங்களை ஒதுக்கிவிட்டு நாட்டுப்புற நிலையங்களை மட்டும் வைத்துப் பார்த்தது. நல்ல நிலையங்களையும் மோசமான நிலையங்களையும் பிரித்துப் பார்த்தது. எப்படிப் பார்த்தாலும் விடை மாறவில்லை. 250 ஆண்டுகளில் நிலப்பரப்பின் சராசரி வெப்பநிலை சுமார் 1.4 டிகிரி செல்சியஸ் ஏறியிருந்தது. அதில் பாதிக்கு மேல் கடைசி 50 ஆண்டுகளில் ஏறியது. காரணம் சூரியனா என்று பார்த்தார்கள்; சூரியனின் ஏற்ற இறக்கம் பொருந்தவில்லை. எரிமலை வெடிப்புகள் ஆங்காங்கே சிறு பள்ளங்களை மட்டும் விளக்கின. மேல்நோக்கிப் போகும் கோட்டோடு ஒட்டி நின்றது காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடின் அளவு ஒன்றுதான். 2012 ஜூலையில் நியூயார்க் டைம்ஸில் முல்லர் வெளிப்படையாக எழுதினார்: தான் மனம் மாறிவிட்டதாகவும், வெப்ப உயர்வுக்குக் கிட்டத்தட்ட முழுக் காரணமும் மனிதர்களே என்றும். அதே கட்டுரையில், சூறாவளிகள் பற்றியும் பனிக்கரடிகள் பற்றியும் சொல்லப்படும் பலவற்றைத் தான் இன்னும் ஏற்கவில்லை என்றும் எழுதினார். தான் கணக்கிட்டது எதுவரை போனதோ அதுவரைதான் அவர் மனமும் போயிற்று. எனக்கு அது குறையாகத் தெரியவில்லை, நேர்மையாகத் தெரிகிறது.

கதை இங்கே முடிந்திருந்தால் விஷயம் எளிது. ஆதாரத்தைக் காட்டு, மனம் மாறும் என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்த வானிலை நிலையங்களைத் தன்னார்வலர்களைக் கொண்டு படம் பிடித்து, அவற்றின் மோசமான அமைவிடங்களை முதலில் அம்பலப்படுத்திய ஆன்தனி வாட்ஸ் என்ன செய்தார்? 2011 மார்ச்சில், முல்லர் குழுவின் முடிவு தன் கருத்தைப் பொய்யாக்கினாலும் ஏற்கத் தயார் என்று எழுதியவர் அவர். முடிவு வந்தது. அவர் ஏற்கவில்லை. ஆய்வுக் கட்டுரைகள் மற்ற நிபுணர்களின் பரிசீலனைக்கு முன்பே வெளியிடப்பட்டன என்றார். எடுத்துக்கொண்ட கால அளவு தவறு என்றார். இத்தனைக்கும் வாட்ஸ் தாமே பங்கேற்று அதே ஆண்டு வெளியான ஆய்வொன்று, அமைவிடக் கோளாறு பகல் உச்சத்தையும் இரவுக் குறைவையும் எதிரெதிர்த் திசைகளில் பாதிப்பதால் அமெரிக்கச் சராசரியின் போக்கு பெரிதாக மாறவில்லை என்றே காட்டியது.

ஒரே எண்கள். ஒருவர் மாறினார், ஒருவர் மாறவில்லை. கணக்கை முல்லர் தன் கையால் போட்டார். வாட்ஸுக்கு அது வேறொருவர் கொண்டுவந்து கொடுத்த கணக்கு. வேறுபாட்டில் ஒரு பங்காவது இங்கே இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அமெரிக்கர்களின் நம்பிக்கையைப் பற்றி நாம் ஏன் கவலைப்பட வேண்டும் என்று கேட்கலாம். தொழிற்புரட்சி முதல் இன்றுவரை மனிதர் புதைபடிவ எரிபொருள்களை எரித்துக் காற்றில் சேர்த்த கார்பன் டை ஆக்சைடில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அமெரிக்காவுடையது. 1997-இல் வாயு உமிழ்வைக் கட்டுப்படுத்தும் கியோட்டோ ஒப்பந்தம் உருவாகும் முன்பே, வளரும் நாடுகளுக்கும் கட்டுப்பாடு இல்லையென்றால் அதில் சேரக்கூடாது என்று அந்நாட்டின் செனட் 95-0 என்று தீர்மானித்தது. அங்கே ஒரு வாக்காளர் என்ன நினைக்கிறார் என்பது நம் கடலோரத்தையும் தொடுகிற விஷயம்.

ஜெர்ரி டெய்லரின் மாற்றம் முல்லருடையதைவிட எனக்கு முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் அவர் விஞ்ஞானி அல்ல. அரசின் தலையீடு குறையவேண்டும் என்று வாதாடும் கேட்டோ இன்ஸ்டிடியூட்டில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவர். தொலைக்காட்சியில் தோன்றிக் காலநிலை எச்சரிக்கைகளை மறுப்பதே அவர் வேலையில் ஒரு பங்கு. ஒரு விவாதத்தில், 1988-இல் நாசா விஞ்ஞானி ஜேம்ஸ் ஹான்சன் செனட் முன் சொன்ன கணிப்பு பெருமளவு பொய்த்துவிட்டது என்று வழக்கம்போல் அடித்துச் சொன்னார். நிகழ்ச்சி முடிந்ததும், எதிர்த்தரப்பில் பேசிய ஜோ ரோம் அவரிடம் கேட்டது இவ்வளவுதான்: அந்தச் சாட்சியத்தை நீங்கள் படித்திருக்கிறீர்களா?

டெய்லர் போய்ப் படித்தார். ஹான்சன் ஒரு கணிப்பு அல்ல, மூன்று கணிப்புகள் கொடுத்திருந்தார். வாயு உமிழ்வு மிக வேகமாகப் பெருகினால் ஒன்று, மிதமாகப் பெருகினால் ஒன்று, கடுமையாகக் குறைத்தால் ஒன்று. நடுவில் உள்ளதுதான் நடக்க அதிக வாய்ப்புள்ளது என்றும் சொல்லியிருந்தார். உலகம் கிட்டத்தட்ட அந்த நடுப்பாதையில்தான் போயிருந்தது. டெய்லரின் கைக்கு வந்துசேர்ந்த வாதம் உச்சக் கணிப்பை மட்டும் எடுத்துவைத்து மற்ற இரண்டையும் மறைத்த வாதம். கேட்டோவில் அவருடன் இருந்த பாட்ரிக் மைக்கேல்ஸ் 1998-இல் அமெரிக்கக் காங்கிரஸ் முன்பே அப்படித்தான் காட்டியிருந்தார்.

இதில் டெய்லரை உலுக்கியது பூமியின் வெப்பநிலை அல்ல, தன் தரப்பு ஆள் தன்னிடம் முழு உண்மையைச் சொல்லவில்லை என்பது. அதன்பின் தான் பயன்படுத்திய ஒவ்வொரு வாதத்தையும் மூலத்துக்குப் போய்ச் சரிபார்க்கத் தொடங்கினார். ஒன்றன்பின் ஒன்றாக அவை தளர்ந்தன.

அப்போதும் அவர் முழுதாக மாறவில்லை. 'சரி, சூடாகிறது, அதற்காகப் பெரும் செலவு செய்வது தேவையா?' என்ற இடத்தில் நின்றார். அங்கிருந்து அவரை நகர்த்தியவர் சூழலியலாளர் அல்ல. கோல்ட்மன் சாக்ஸ் நிறுவனத்தில் இடர் மேலாண்மைப் பிரிவுக்குத் தலைமை வகித்த பாப் லிட்டர்மன். அவர் வாதம் பணச்சந்தையின் மொழியில் இருந்தது. எதிர்காலம் இப்படித்தான் ஆகும் என்று நமக்குத் தெரியாது. மிதமாகவும் போகலாம், பேரழிவாகவும் ஆகலாம். பணத்தைப் பல இடங்களில் போட்டுத் தப்பிக்க முடியாத இடருக்கு முதலீட்டாளர்கள் எப்போதும் கூடுதல் விலை கொடுத்துக் காப்புத் தேடுகிறார்கள். இருப்பது ஒரே பூமி, அதில் மட்டும் ஏன் வேறு நியாயம்? நிச்சயம் இல்லை என்பதையே செயல்படாமல் இருக்கக் காரணமாகச் சொல்லிவந்த மனிதருக்கு, நிச்சயம் இல்லை என்பதுதான் செயல்படவேண்டிய காரணம் என்று புரிந்தது. 2014-இல் கேட்டோவை விட்டு விலகி, கார்பன் வரியை ஆதரிக்கும் நிஸ்கானென் மையத்தைத் தொடங்கினார். அவருடைய சகோதரர் ஜேம்ஸ் டெய்லர், காலநிலை அறிவியலை மறுப்பதில் முன்னணியில் நிற்கும் ஹார்ட்லாண்ட் இன்ஸ்டிடியூட்டில் இருக்கிறார். ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள்.

படிப்பறிவு கூடினால் சந்தேகம் தானே விலகும் என்று நினைப்பவர்களுக்கு யேல் பல்கலைக்கழகத்தின் டான் கஹான் குழு 2012-இல் வெளியிட்ட ஆய்வு கசப்பானது. 1,540 அமெரிக்கர்களிடம் அறிவியல் அறிவையும் கணக்குத் திறனையும் சோதித்தார்கள். அறிவு கூடியவர்களிடையே கருத்து வேற்றுமை குறையவில்லை, கூடியது. புத்திசாலிகள் தங்கள் கூட்டம் ஏற்கெனவே நம்புவதைக் காப்பாற்றுவதில் மற்றவர்களைவிடத் தேர்ந்தவர்களாக இருந்தார்கள். பொதுவான அறிவியல் அறிவால் மட்டும் இந்தக் கதவு திறப்பதில்லை.

ஆனால் ஒரு குறிப்பிட்ட அறிவுக்கு வேறு பலன் இருக்கிறது. பூமி எப்படிச் சூடாகிறது என்று பெரும்பாலோருக்குச் சொல்லத் தெரிவதில்லை, நம்புகிறவர்களுக்கும்கூட. பெர்க்லியின் உளவியலாளர் மைக்கேல் ரான்னி, அதைச் சுமார் 400 சொற்களில் விளக்கிப் படிக்கக் கொடுத்தபோது ஏற்பு கூடியதைக் கண்டார். விளக்கம் கடினமானதல்ல. வெயிலோடு வரும் கண்ணுக்குத் தெரியும் ஒளி தரையைச் சூடாக்குகிறது. தரை அந்தச் சூட்டைக் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராகத் திருப்பி அனுப்புகிறது. கார்பன் டை ஆக்சைடு வரும் ஒளியை விட்டுவிடுகிறது, போகும் அகச்சிவப்பில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்கிறது. ஜான் டின்டால் இதை 1859-இல் ஆய்வகத்தில் அளந்தார். தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்தில் 280 பங்காக இருந்த அந்த வாயு இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. சூரியன்தான் காரணம் என்றால் வளிமண்டலத்தின் மேலடுக்கும் சூடாகவேண்டும். அளவீடுகளில் கீழடுக்கு சூடாகிறது, மேலே உள்ள ஸ்ட்ராட்டோஸ்பியர் குளிர்கிறது. மனம் மாறத் தயாராக இருக்கும் ஒருவரிடம் பேச எனக்கு வாய்ப்புக் கிடைத்தால் இந்த மேலடுக்கு விஷயத்தைத்தான் முதலில் சொல்வேன். ஏனெனில் சூரியன்தான் காரணம் என்ற வாதத்தோடு இது ஒட்டாது.

பலருக்குச் சந்தேகம் அறிவியலில் இல்லை, தீர்வில்தான் இருக்கிறது. டியூக் பல்கலைக்கழகத்தில் டிராய் கேம்ப்பெல், ஆரன் கே இருவரும் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், குடியரசுக் கட்சிக்காரர்களிடம் வெப்ப உயர்வு பற்றிய ஒரே அறிவியல் கூற்றைக் கொடுத்தார்கள். தீர்வு அரசுக் கட்டுப்பாடு என்று சேர்த்துச் சொன்னபோது அந்தக் கூற்றை ஏற்றவர்கள் 22 விழுக்காடு. தீர்வு தடையற்ற சந்தை என்றபோது 55 விழுக்காடு. வெப்பமானி அதேதான், பயம்தான் வேறு. 'வரி போடுவார்கள், காரைப் பிடுங்குவார்கள், வேலை போகும்' என்ற அச்சம் அறிவியல் சந்தேகத்தின் உடையை உடுத்திக்கொண்டு வருகிறது. அந்த அச்சத்தைத் தொடாமல் பனிப்பாறை உருகுவதைப் பற்றி எவ்வளவு பேசினாலும் அது காதுக்குள் போகாது. அந்த அச்சம் கேலிக்குரியதும் அல்ல. நிலக்கரிச் சுரங்கத்தை நம்பி வாழும் ஊரில் அது சோற்றுப் பிரச்சினை.

யார் சொல்கிறார்கள் என்பதும் அதே அளவு கனமானது. வட கரோலினாவின் கடலோரப் பள்ளிகளில் டேனியெல் லாசன் குழு நடத்தி 2019-இல் வெளியான ஆய்வில், நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள் காலநிலை பற்றிப் படித்து, வீட்டில் பெற்றோரிடம் பேசினார்கள். பெற்றோரின் கவலை கூடியது. அதிகம் மாறியவர்களில் பழமைவாதிகளும் அப்பாக்களும் இருந்தார்கள். மகன்களைவிட மகள்கள் கூடுதலாக மாற்றினார்கள். பிள்ளைக்கு எந்தக் கட்சியும் இல்லை, வெல்லவேண்டிய விவாதமும் இல்லை. அப்பா தோற்கவேண்டியதில்லை என்பதால் கேட்டுக்கொள்ள முடிகிறது.

தென் கரோலினாவின் குடியரசுக் கட்சிக் காங்கிரஸ் உறுப்பினர் பாப் இங்லிஸும் வீட்டிலிருந்துதான் மாறத் தொடங்கினார். காலநிலை மாற்றம் என்பது எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சியின் அல் கோர் கட்டிய கதை என்று பல ஆண்டுகள் ஒதுக்கியவர் அவர். முதன்முறை வாக்களிக்கும் வயதுக்கு வந்த மகன், உங்களுக்கு வாக்களிக்கிறேன், ஆனால் சுற்றுச்சூழல் விஷயத்தில் நீங்கள் திருந்தவேண்டும் என்றான். பிறகு காங்கிரஸின் அறிவியல் குழுவோடு அண்டார்க்டிகா போய், பனியில் பல்லாயிரம் ஆண்டுகளாகச் சிறைப்பட்ட காற்றிலிருந்து பழைய கார்பன் அளவை எப்படி எடுக்கிறார்கள் என்று பார்த்தார். பின்னொரு முறை ஆஸ்திரேலியாவின் பவளப்பாறைகளை ஒரு விஞ்ஞானியோடு நீருக்குள் போய்ப் பார்த்தார். அந்த விஞ்ஞானியும் என்னைப்போலவே கடவுள் நம்பிக்கையுள்ளவர் என்பதைச் சொல்லாமலே உணர்ந்தேன் என்று இங்லிஸ் பின்னாளில் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். மகன், பனி, தன் நம்பிக்கையைப் பகிரும் ஒரு மனிதர் — இந்த மூன்றில் எது மாற்றியது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

மாறியதற்கு விலை இருந்தது. 2009-இல், சம்பளத்தின் மீதான வரியைக் குறைத்து அந்த இடத்தில் கார்பன் வரியை வைக்கும் மசோதாவைக் கொண்டுவந்தார். 2010 ஜூனில் தன் கட்சியின் உள்தேர்தலிலேயே 71-க்கு 29 என்று தோற்றார். எதிர்த்தவர் ட்ரே கவுடி. தோல்விக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் காலநிலை பற்றிப் பேசியதே தான் செய்த பெரிய 'துரோகமாக' வாக்காளர்களுக்குப் பட்டது என்பார் இங்லிஸ். மனத்தளவில் மாறிவிட்டாலும் வாய் திறக்காதவர்கள் ஏன் இருக்கிறார்கள் என்று இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம். தன் ஊர், தன் கோயில், தன் கட்சி எல்லாவற்றையும் இழந்துதான் ஒரு உண்மையை ஏற்கவேண்டும் என்றால் பலர் அந்த உண்மையை ஏற்கமாட்டார்கள்.

யேல் பல்கலைக்கழகம் பல ஆண்டுகளாக நடத்தும் கருத்தாய்வில், காலநிலை மாற்றத்தை முழுதாக மறுப்பவர்கள் அமெரிக்கர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவர்தான். குரல் பெரிது, கூட்டம் சிறிது. அவர்களுக்கும் கவலைப்படுபவர்களுக்கும் இடையில் தயங்குபவர்கள், அக்கறையில்லாதவர்கள், ஓரளவு சந்தேகப்படுபவர்கள் என்று பெரும் கூட்டம் இருக்கிறது. பேசவேண்டியது அவர்களோடுதான். இங்லிஸ் இன்று செய்வதும் அதுவே. பதவி போன பிறகு 'ரிபப்ளிக்என்' என்ற அமைப்பைத் தொடங்கி, பழமைவாதிகள் கூடும் இடங்களுக்குப் போய்ப் பேசுகிறார். வருமான வரியைக் குறைப்போம், அதற்கு ஈடாகக் கார்பனுக்கு வரி போடுவோம், வெளிநாட்டு இறக்குமதிக்கும் அதே வரி விதிப்போம், அரசின் மொத்த வருமானம் கூடாமல் பார்த்துக்கொள்வோம் என்பது அவர் சொல்லும் வழி. கூட்டத்தில் கை தூக்குகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் வரியைப் பற்றியதாகவே இருக்கும். அதற்கு விடை அவரிடம் இருக்கிறது.