வகுப்புக்கு வெளியே – 9: அடி வாங்கப் பழகிய மாணவர்கள்

அமெரிக்காவின் மாண்ட்கமரி நகரில் கறுப்பின மக்கள் நடத்திய பேருந்துப் புறக்கணிப்பைச் சென்ற வாரம் பார்த்தோம். 1955 டிசம்பரில் அந்தச் செய்தி நாக்பூர் நாளிதழ் ஒன்றில் வந்தபோது, படித்துவிட்டு மகிழ்ச்சி தாங்காமல் கூவினார் ஓர் அமெரிக்க இளைஞர். அவர் பெயர் ஜேம்ஸ் லாசன். கொரியப் போருக்கு ஆள் எடுத்தபோது வர மறுத்துச் சிறைக்குப் போனவர். வெளியே வந்த பிறகு மெதடிஸ்ட் சபையின் சார்பில் நாக்பூரின் ஹிஸ்லாப் கல்லூரிக்கு வந்து, காந்தியின் போராட்ட முறையைக் கற்றுக்கொண்டிருந்தார்.

ஊர் திரும்பியவரை 1957இல் மார்ட்டின் லூதர் கிங் சந்தித்தார். படிப்பு முடியும்வரை காத்திருக்க வேண்டாம், உடனே தெற்கே வந்துவிடுங்கள் என்றார். மறு ஆண்டே டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகருக்கு வந்த லாசன், வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் இறையியல் மாணவராகச் சேர்ந்தார்.

ஊருக்குள் இறங்கியதும் அவரும் உள்ளூர்ப் போதகர்களும் செய்த முதல் வேலை, மக்கள் பேசுவதைக் கேட்டது. எந்த அநீதியை முதலில் எதிர்ப்பது என்ற கேள்வி எழுந்தபோது கறுப்பினப் பெண்கள் சொன்ன பதில் தெளிவாக இருந்தது. நகரின் நடுவே இருக்கும் பெரிய கடைகளில் எங்கள் பணத்தை வாங்கிக்கொள்கிறார்கள். ஆனால் அங்கேயே இருக்கும் உணவகத்தில் உட்கார்ந்து பிள்ளைக்கு ஒரு வாய் வாங்கித்தர முடியவில்லை. கை நிறையப் பைகளோடும் களைத்துப்போன குழந்தைகளோடும் அலைந்தவர்கள் சொன்ன குறை அது. போராட்டத்தின் இலக்கை அவர்களே முடிவு செய்தார்கள். ‘சமூகத் தொண்டு’ என்று கிராமத்துக்குப் போகிற எத்தனை மாணவர் குழுக்கள், உங்களுக்கு எது வேண்டும் என்று முதலில் கேட்கின்றன?

1959இன் பிற்பகுதியில், ஃபிஸ்க் பல்கலைக்கழகத்துக்கு அருகே ஒரு தேவாலயத்தின் நிலவறையில் செவ்வாய்க்கிழமை மாலைகளில் மாணவர்கள் கூடினார்கள். டென்னசி ஏ அண்ட் ஐ, மெஹாரி மருத்துவக் கல்லூரி, அமெரிக்கன் பாப்டிஸ்ட் இறையியல் கல்லூரி என்று ஊரின் கறுப்பினக் கல்லூரிகள் பலவற்றிலிருந்தும் வந்தார்கள். நாற்காலிகளை வரிசையாகப் போட்டு அதுதான் கடையின் உணவு மேடை என்று வைத்துக்கொள்வார்கள். சிலர் வாடிக்கையாளர்களாக உட்கார, மற்றவர்கள் வெள்ளையர்களாக மாறி அவர்களைச் சூழ்ந்துகொள்வார்கள். காது கூசும் வசைகள், முகத்தில் ஊதிய சிகரெட் புகை, நாற்காலியிலிருந்து இழுத்துக் கீழே தள்ளுவது, எல்லாமே நடக்கும். அடி விழும்போது தலையை எப்படிக் காத்துக்கொள்வது, அடிப்பவன் கண்ணை நேராகப் பார்ப்பது எப்படி, பக்கத்தில் இருப்பவன் மீது அடி விழுந்தால் எப்படிக் குறுக்கே புகுவது என்று வாரக்கணக்கில் பழகினார்கள். பிறகு உட்கார்ந்து, யாருக்கு எந்த இடத்தில் கோபம் வந்தது, ஏன் வந்தது என்று பேசினார்கள்.

சிகாகோவில் வளர்ந்து ஃபிஸ்க்கில் படிக்க வந்த டயான் நாஷ், இதெல்லாம் பலிக்கும் என்று முதலில் நம்பவே இல்லை. வேறு யாரும் வழி காட்டாததால் தொடர்ந்து வந்தார். மாணவர்களின் மையக் குழுவுக்குத் தலைவரான பிறகும், தாங்கள் மோதப்போகும் மனிதர்களை நினைத்து அவர் உள்ளங்கைகள் வியர்த்தன. பயத்தோடு இருப்பவரையும் பயிற்சி கைப்பிடித்து நடத்தும் என்பதற்கு அவரைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை. அந்தக் குழுவின் தலைமை ஒருவரிடமே தங்கிவிடாதபடி கைமாறிக்கொண்டிருந்தது. ஒருவரைச் சிறையில் தள்ளினால் அடுத்தவர் ஆயத்தமாக இருக்க வேண்டுமே.

நவம்பர், டிசம்பரில் இரண்டு கடைகளில் வெள்ளோட்டம் பார்த்தார்கள். பொருள் வாங்கினார்கள், உட்கார்ந்தார்கள். பரிமாற மறுத்ததும் மேலாளரிடம் காரணம் கேட்டு, நன்றி சொல்லித் திரும்பினார்கள். 1960 பிப்ரவரி 1இல் கிரீன்ஸ்பரோ நகரில் நான்கு மாணவர்கள் உணவு மேடையில் அமர்ந்த செய்தி வந்தபோது நாஷ்வில் தயாராக இருந்தது. 13ஆம் தேதி நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மூன்று கடைகளுக்குள் போனார்கள். 27ஆம் தேதி வெள்ளையர் கும்பல் ஒன்று அவர்களைத் தாக்கியது. காவல்துறை எண்பதுக்கும் மேற்பட்ட மாணவர்களைக் கைது செய்தது, அடித்தவர்களை விட்டுவிட்டது. ஒரு வரிசையைக் கொண்டுபோனதும் அடுத்த வரிசை வந்து அமர்ந்தது. திருப்பி அடிக்காதே, மேடையைப் பார்த்து நேராக உட்கார், வழியை மறிக்காதே என்ற விதிகளைத் தொகுத்திருந்தவர்கள் ஜான் லூயிஸ், பெர்னார்ட் லஃபாயட் என்ற இரண்டு மாணவர்கள். அபராதம் கட்ட மறுத்துச் சிறையே போதும் என்றார்கள். வாண்டர்பில்ட் லாசனை நீக்கியது.

ஏப்ரல் 19 விடியற்காலையில், மாணவர்களுக்காக வாதாடிய வழக்கறிஞர் அலெக்சாண்டர் லூபியின் வீட்டில் குண்டு வெடித்தது. அன்றே ஆயிரக்கணக்கானோர் வாய் திறக்காமல் நகர மன்றத்துக்கு நடந்தார்கள். படிக்கட்டில் மேயர் பென் வெஸ்ட் நின்றிருந்தார். நிறத்தை மட்டும் வைத்து ஒருவரை ஒதுக்குவது தவறு என்று நினைக்கிறீர்களா என்று நாஷ் கேட்டார். பழி சுமத்தவில்லை, முழக்கமிடவில்லை; ஆமா, இல்லையா என்று தப்ப முடியாத ஒரே கேள்வி. ஆமாம் என்றார் மேயர்.

அதற்குப் பிறகு நடந்த பேச்சுவார்த்தை பாடப்புத்தகங்களில் அதிகம் வருவதில்லை. எனக்கு அதுவும் முக்கியமாகப் படுகிறது. கறுப்பின மக்களின் புறக்கணிப்பால் வணிகம் படுத்துப்போன கடைக்காரர்களுக்கும் ஒரு வாசல் தேவைப்பட்டது. முதல் சில நாட்கள் சிறு சிறு குழுக்களாக, முன்கூட்டியே சொல்லிவிட்டு வருவது என்று முடிவானது. ஊழியர்களைக் கடைக்காரர்கள் ஆயத்தப்படுத்துவார்கள். பத்திரிகைகள் அதைப் பெரிதுபடுத்தாது. மே 10ஆம் தேதி ஆறு கடைகளின் உணவு மேடைகள் எல்லோருக்கும் திறந்தன. எதிராளி முகம் இழக்காமல் இறங்கிவர வழி விடுவதையும் அந்த மாணவர்கள் கற்றிருந்தார்கள்.

ஓராண்டு கழித்து, 1961 மே மாதம், பேருந்துப் பயணத்தில் நிறப் பாகுபாட்டை எதிர்த்துக் கிளம்பிய ‘விடுதலைப் பயணிகளின்’ பேருந்து அலபாமாவில் கொளுத்தப்பட்டுப் பயணம் நின்றுபோனது. அதைத் தொடர்ந்தே ஆக வேண்டும் என்று நாஷ்வில் மாணவர்கள் முடிவெடுத்தார்கள். ஆட்களைத் திரட்டி அனுப்பும் பொறுப்பு நாஷுடையது. கிளம்பும் முன் சிலர் உயில் எழுதிவைத்தார்கள். அந்தப் பயணத்தை அடுத்த வாரம் எழுதுகிறேன்.