ஒரு கணிப்பொறிக்குள் மற்றொன்று

தில்லியில் குடியிருக்கும் நம்மவர்க்கு, ஒரே மனையில் நாலு குடித்தனம் என்பது புதிய செய்தியன்று. தண்ணீர்த் தொட்டி ஒன்றுதான். ஆயினும் கதவும் அடுப்பும் தனித்தனி. மாடியில் பஞ்சாபி பேசுவர், கீழே வங்காளி பேசுவர். ஒரே கணிப்பொறியில் பல இயக்க முறைமைகளைக் குடியமர்த்தும் ஏற்பாடும் ஏறக்குறைய இத்தகையதே.

இதன் அருமையை எனக்கு உணர்த்தியது ஒரு பழைய குறுந்தகடு. எனக்கு முன் பணியாற்றிய மூத்த மொழிபெயர்ப்பாளர் ஒருவர் பல்லாண்டுகள் தொகுத்த ஆட்சிச் சொற்கோவை அதில் இருந்தது. 16 பிட் காலத்துத் தமிழ் எழுதி ஒன்றில் அதனைப் பதிந்திருந்தார். இக்காலத்து 64 பிட் விண்டோஸ் அத்தகைய நிரல்களை இயக்காது. பழுது பார்க்கும் கடைக்காரர், "இனி இதை மறந்துவிடுங்கள்" என்றார். மறக்க மனம் வரவில்லை.

இயக்க முறைமை ஒவ்வொன்றும், கணிப்பொறி முழுவதும் தனக்கே உரியது என்று கருதி நடப்பது. ஆகவே இரண்டை ஒருங்கே விட்டால் பூசல்தான் விளையும். இதனைத் தவிர்க்க மேற்பார்வை நிரல் ஒன்று நடுவே அமர்கிறது. நினைவகத்தில் ஒரு பகுதியை ஒதுக்கி, 'இதுவே உன் கணிப்பொறி' என்று விருந்தாளி முறைமையிடம் அது காட்டுகிறது. சாதாரணக் கட்டளைகள் நேரே சில்லுக்குச் செல்லும். வன்பொருளை ஆள முயலும் கட்டளை வந்தால் மட்டும் மேற்பார்வையாளர் இடைமறித்து, தக்கவாறு தாமே நிறைவேற்றுவார். விருந்தாளியின் வட்டு என்பதோ, உண்மையில் ஒரு பெரிய கோப்பேயன்றி வேறன்று. அக்கோப்பைப் படியெடுத்தால் அக்கணிப்பொறியையே படியெடுத்ததாகும்! இதற்கு மெய்நிகர் கணிப்பொறி என்று பெயர்.

இம்முறை நேற்றுத் தோன்றியதன்று. 1967-இல் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில், ஐ.பி.எம். நிறுவனத்தார் சி.பி.-40 என்னும் அமைப்பினால் ஒரே பெருங்கணிப்பொறியைப் பதினான்கு கணிப்பொறிகள் போல இயக்கினர். மேசைக் கணிப்பொறிக்கு இவ்வசதியை 1999-இல் வி.எம்.வேர் கொண்டுவந்தது. வர்ச்சுவல்பாக்ஸ் என்னும் நிரலை இன்று எவரும் விலையின்றிப் பெறலாம்.

நான் அதனையே நிறுவினேன். எட்டு ஜிபி நினைவகத்தில் ஒரு ஜிபியை ஒதுக்கி, மேசையறையில் கிடந்த 32 பிட் விண்டோஸ் எக்ஸ்பி தகட்டை உரிய உரிமக் குறியீட்டுடன் ஏற்றினேன். விருந்தாளிக்கு அளித்த நினைவகம், அது இயங்கும் வரை வீட்டுக்காரருக்குக் கிடையாது. ஆதலின் நினைவகம் குறைந்த கணிப்பொறியில் இரண்டும் தள்ளாடும். விருந்தாளியும் வீட்டுக்காரரும் ஒரே இனச் சில்லுக்கு உரியவராதல் வேண்டும். இல்லையேல் வேகம் மிகவும் குன்றும். மற்றொன்று: எக்ஸ்பிக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2014-இலேயே நின்றுவிட்டன. எனவே அதன் இணைய இணைப்பைத் துண்டித்தே வைத்தேன்.

மறுநாள் மாலை அந்தப் பழைய எழுதி திறந்தது. சொற்கோவையை வெற்றுரையாக்கி வெளியே எடுத்து, ஒருங்குறிக்கு மாற்றினேன். கொம்பும் காலும் இடம் மாறிய சொற்கள் பல இருந்தன. அவற்றைக் கையால் திருத்தி வருகிறேன். இப்போது 'த' வரிசையில் இருக்கிறேன்.