தாகத்தை அடக்கச் சொல்ல யாருக்கும் அதிகாரம் இல்லை

பீன்யா, மைசூரு ரோடு, பொம்மனஹள்ளி. பெங்களூரின் கார்மெண்ட்ஸ் ஆலைகள் நெருங்கிக் கிடக்கும் இந்தப் பகுதிகளில் காலையில் பெண்கள் சாரை சாரையாக வேலைக்குப் போவதைப் பார்க்கலாம். பலருடைய பையில் தண்ணீர் பாட்டில் இருக்கும். மாலையில் திரும்பும்போதும் அதில் பாதிக்குமேல் மிச்சம் இருக்கும்.

குடித்தால் பாத்ரூம் போக வேண்டும். போய்வந்தால் மணிக்கு இத்தனை பீஸ் என்ற டார்கெட் குறையும். குறைந்தால் லைன் முழுக்கக் கேட்கும்படி சூப்பர்வைசர் கத்துவார். அதனால் காலையில் வீட்டிலேயே அரை டம்ளரோடு நிறுத்திக்கொள்கிறார்கள். தொழிற்சங்கங்களும் பெண்கள் அமைப்புகளும் பல ஆண்டுகளாக இதைச் சொல்லி வருகின்றன. இவர்களிடம் போய், தினமும் எட்டு டம்ளர் தண்ணீர் குடியுங்கள் என்று அறிவுரை மட்டும் சொல்வது நியாயமில்லை. குடிக்க வேண்டும் என்பது அவர்களுக்கும் தெரியும்.

எட்டு டம்ளர் என்ற கணக்கையும் கொஞ்சம் விளக்க வேண்டும். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சாதாரணமாக ஒருவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 2 லிட்டர் தண்ணீரைப் பரிந்துரைக்கிறது. வெயிலிலோ அயர்ன் பகுதியின் நீராவியிலோ நின்று வேலை செய்கிறவர்களுக்கு இது போதாது. மோர், ரசம், பழம், சோற்றில் உள்ள நீர் எல்லாம் உடலுக்குக் கணக்குத்தான். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் பெரும்பாலும் போதுமான அளவு குடிக்கிறீர்கள். அடர் மஞ்சளாகப் போனால் போதவில்லை. இதய நோயாளிகளும் சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் செய்துகொள்பவர்களும் மட்டும் டாக்டர் சொன்ன அளவைத் தாண்டக் கூடாது. பகலெல்லாம் வறண்டு கிடந்துவிட்டு, வீடு திரும்பியதும் ஒரே மூச்சில் இரண்டு லிட்டர் குடிப்பது ஈடாகாது. உடல் பகலில் பட்ட பாடு பட்டதுதான்.

பெண்ணின் சிறுநீர்க்குழாய் சுமார் 4 சென்டிமீட்டர்தான். கிருமி எளிதில் உள்ளே ஏறிவிடும். அதை வெளியே தள்ளுவதே அவ்வப்போது கழியும் சிறுநீர்தான். தண்ணீரையும் குறைத்து, வந்ததையும் மணிக்கணக்கில் அடக்கினால் கிருமி அங்கேயே தங்கிப் பெருகும். எரிச்சல், அடிவயிற்று வலி, அடிக்கடி போகத் தோன்றுவது என்று ஆரம்பிக்கும். குளிர்காய்ச்சலோடு விலாப்புறம் வலித்தால் தொற்று சிறுநீரகம் வரை ஏறியிருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கர்ப்பிணிகள் எரிச்சல் என்ற முதல் அறிகுறியிலேயே காட்டிவிடுவது நல்லது.

தண்ணீர் இதில் எவ்வளவு உதவும் என்பதற்கு 2018இல் வெளியான ஓர் ஆய்வு சான்று. அடிக்கடி சிறுநீர்த் தொற்று வந்துகொண்டிருந்த, தண்ணீர் குறைவாகக் குடிக்கும் பழக்கமுள்ள 140 பெண்களை ஓராண்டு கவனித்தார்கள். வழக்கத்தைவிடத் தினமும் ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடிக்கச் சொல்லப்பட்டவர்களுக்கு, பழையபடியே இருந்தவர்களோடு ஒப்பிட்டால் ஏறத்தாழப் பாதி முறைதான் தொற்று வந்தது. 

தமிழ்நாட்டு உப்பளங்களில் நிலைமை இன்னும் கடுமை. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் அங்கே வேலை செய்வோரின் உடலை ஆராய்ந்து, வெயிலும் நீர்ச்சத்துக் குறைவும் கழிப்பறை இல்லாமையும் சேர்ந்து சிறுநீரகத்தைப் பாதிப்பதை எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். பெங்களூர் குளிர்ந்த ஊர், இங்கே அப்படியெல்லாம் ஆகாது என்று யாரும் எண்ண வேண்டாம். 2024 ஏப்ரல் 28 அன்று இங்கே வெயில் 38.5 டிகிரி செல்சியஸைத் தொட்டது. அந்தக் கோடையில்தான் நகரின் ஆழ்துளைக் கிணறுகளில் ஏறக்குறைய பாதி வற்றிப்போயின. குடிநீரில் காரைக் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவிக்க நேர்ந்தது.

இனி உரிமைக்கு வருவோம். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் 18ஆம் பிரிவில் குடிநீரையும் 19ஆம் பிரிவில் கழிப்பறையையும் முதலாளியின் கடமையாக வைத்தது. குடிநீர் வைத்திருக்கும் இடத்தில், தொழிலாளர்களில் பெரும்பாலோருக்குப் புரியும் மொழியில் ‘குடிநீர்’ என்று எழுதியிருக்க வேண்டும் என்றது. கழிப்பறைக்கு 6 மீட்டருக்குள் அந்த இடம் அமையக் கூடாது என்றது. 250 பேருக்குமேல் வேலை செய்தால் வெயில் காலத்தில் குளிர்ந்த நீர் தர வேண்டும் என்றது. எல்லாவற்றிலும் முக்கியமானது இது: கழிப்பறை இருந்தால் மட்டும் போதாது, தொழிலாளி ஆலைக்குள் இருக்கும் நேரம் முழுவதும் அவர் போகக்கூடியதாக இருக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். டார்கெட் முடியட்டும், லஞ்ச் வரட்டும், அப்புறம் போ என்பதற்கு அதில் இடமே இருக்கவில்லை. துணி வாங்கும் நிறுவனத்தின் ஆள், அதாவது பையர், வரும் அன்று மட்டும் கழுவித் திறந்துவைத்துவிட்டு மறுநாள் பூட்டுவதற்கும் இடம் இருக்கவில்லை.

2025 நவம்பர் 21 முதல் நான்கு புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. தொழில் பாதுகாப்பு, உடல்நலம், பணிநிலைமைகள் பற்றிய தொகுப்பு பழைய தொழிற்சாலைச் சட்டத்தின் இடத்துக்கு வந்துள்ளது. குடிநீரும் கழிப்பறையும் அதிலும் முதலாளியின் பொறுப்புதான். சட்டம் மாறிவிட்டது, அதெல்லாம் இப்போது கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மறுக்கப்பட்டால் என்ன செய்வது? என்றைக்கு, எத்தனை மணிக்கு, யார் தடுத்தார்கள் என்று ஒரு சின்ன நோட்டில் எழுதி வையுங்கள். தனியாகப் போய்ச் சண்டை போட வேண்டாம். லைனில் நாலு பேராகச் சேருங்கள். 100 பேரோ அதற்கு மேலோ உள்ள ஆலையில் தொழிலாளர்களும் நிர்வாகமும் சேர்ந்த வொர்க்ஸ் கமிட்டி இருந்தால் முதலில் அங்கே எழுத்தில் கொடுங்கள். அசையவில்லை என்றால் பன்னேர்கட்டா ரோட்டில் கார்மிக பவனில் இருக்கும் கர்நாடகத் தொழிற்சாலைகள் துறைக்குப் புகார் அனுப்பலாம். பேர் தெரிந்தால் வேலை போய்விடுமோ என்ற பயம் உண்மையானது. அதனால் சங்கத்தின் பெயரில் புகார் போவதே பாதுகாப்பு.

பாத்ரூம் போவதை வைத்து ஆபாசமாகப் பேசினாலோ, பின்னாலேயே வந்து நின்றாலோ, அது பாலியல் தொல்லை. பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி 10 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் உள்புகார்க் குழு இருந்தே ஆக வேண்டும். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் அங்கே எழுத்தில் கொடுக்க வேண்டும்.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இ.எஸ்.ஐ. பிடித்தம் நடந்தால் டிஸ்பென்சரியிலும் ராஜாஜிநகர் இ.எஸ்.ஐ. மருத்துவமனையிலும் சிகிச்சைக்குக் காசு கொடுக்க வேண்டாம். தகுதிக்குரிய நாட்கள் பிடித்தம் கட்டியிருந்தால், டாக்டர் எழுதித் தரும் லீவுக்குச் சம்பளத்தில் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். எரிச்சலைப் பொறுத்துக்கொண்டு மெடிக்கல் ஷாப்பில் இரண்டு மாத்திரை வாங்கிப் போடுகிறவர்கள் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்தப் பெண்கள் கேட்டால் நடக்கும் என்பதற்கு பெங்களூரே சாட்சி. வருங்கால வைப்பு நிதியைத் தேவைப்படும்போது முழுதாக எடுக்க முடியாதபடி மத்திய அரசு விதியை மாற்றியபோது, 2016 ஏப்ரல் 18, 19 தேதிகளில் ஆயிரக்கணக்கான கார்மெண்ட்ஸ் பெண்கள் தாங்களாகவே சாலைக்கு வந்தார்கள். அரசு அந்த விதியைத் திரும்பப் பெற்றது. இப்போது கேட்பதற்கு முன்மாதிரியும் இருக்கிறது: மாணவர்கள் தண்ணீர் குடிக்கவென்றே மணி அடிக்கும் வழக்கம் கேரளப் பள்ளிகளிலிருந்து கர்நாடகத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் வந்துவிட்டது. ஆலைகளிலும் அதே மணியை அடிக்கச் சொல்லிச் சங்கங்கள் கேட்க வேண்டும்.

சட்டம் சரியாக எட்டாத இடம் நம் வீடுகள். பெங்களூர் அபார்ட்மெண்டுகளில் வீட்டுவேலை செய்யும் பெண்களில் நிறையப் பேர் தமிழ் பேசுகிறவர்கள். காலையில் கிளம்பி நாலைந்து வீடு முடிக்கும் வரை அவர்களுக்குக் கழிப்பறை கிடைப்பதில்லை. எந்த இன்ஸ்பெக்டரும் வந்து இதைச் சரிசெய்யப் போவதில்லை. உங்கள் குடியிருப்போர் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில், பணியாளர்களுக்குத் தண்ணீர் வரும் சுத்தமான கழிப்பறை வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவாருங்கள். அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். உங்கள் வீட்டுக்கு வேலைக்கு வரும் அக்காவிடம், எங்கள் பாத்ரூமைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள் என்று நாளைக் காலையிலேயே சொல்லிவிடுங்கள்.