உங்களுக்குத் தெரியுமா?

சில மைல் தூரம்தான், ஆனால் ஆயுளில் 28 ஆண்டு வித்தியாசம்! ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் கால்டன் பகுதி ஆண்களின் சராசரி ஆயுள் 54. நகருக்கு வெளியே, அருகிலுள்ள லென்சியில் 82. உலக சுகாதார அமைப்பு நியமித்த ஆணையம் 2008-இல் வெளியிட்ட அறிக்கையின் கணக்கு இது.

● அப்போது இந்திய ஆண்களின் சராசரி ஆயுளே 60-ஐத் தாண்டியிருந்தது. ஆம், பணக்கார பிரிட்டனின் கால்டன் நம்மைவிடப் பின்தங்கியிருந்தது!

● மருத்துவமனை இல்லாத ஊரா? இல்லை. பிரிட்டனில் 1948 முதல் எல்லோருக்கும் இலவச அரசு மருத்துவம். இரண்டு பகுதிகளுக்கும் அது பொதுதான். வேலையின்மை, மோசமான வீடு, குடி, போதை, இளவயது மரணங்கள் ஆகியவைதான் கால்டனின் ஆயுளைக் குறைத்தன. வீடற்ற ஆண்களுக்கான விடுதிகள் அங்கே அதிகம் இருந்ததும் சராசரியை இன்னும் கீழே இழுத்தது.

● லண்டனிலும் இதே கதை. வெஸ்ட்மின்ஸ்டரில் ஜூபிலி மெட்ரோ ரயில் ஏறிக் கிழக்கே கேனிங் டவுன் வரை போனால், ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் கிட்டத்தட்ட ஓர் ஆண்டு ஆயுள் குறைகிறது என்று அந்நகரச் சுகாதார ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். ரயிலைக் குறை சொல்லாதீர்கள்!

● அதே 2008 அறிக்கையில் வாஷிங்டன் நகரக் கறுப்பின ஆண்களின் சராசரி ஆயுள் 63. பக்கத்திலுள்ள மான்ட்கோமரி மாவட்டத்து வெள்ளையின ஆண்களுக்கோ 80.

● கால்டனின் ஆயுள் பின்னர் உயர்ந்தது. ஆனாலும் 2019-21 கணக்குப்படி, ஸ்காட்லாந்தின் மிக ஏழைப் பகுதிகளுக்கும் மிக வசதியான பகுதிகளுக்கும் இடையே ஆண்களின் ஆயுள் வித்தியாசம் 13 ஆண்டுகளுக்கு மேல்.