உறைந்த திரையைத் தட்டி எழுப்புவது யார்?

கணிப்பொறித் திரையில் படம் ஓடிக்கொண்டிருக்கிறது. திடீரென்று எல்லாம் அப்படியே நின்றுவிடுகிறது. சுட்டியை அசைத்தாலும் அம்புக்குறி நகர்வதில்லை. சில விநாடிகள் கழித்துத் திரை ஒரு முறை கறுத்து, மீண்டும் ஒளி பெறுகிறது. அந்த இடைவெளியில் நடந்தது என்ன?

படம் வரையும் பணிக்கென்று கணிப்பொறியில் வரைகலைச் செயலி என்ற தனி உறுப்பு உண்டு. அதற்குரிய வேலைகளை வரிசைப்படுத்திக் கொடுப்பது டிரைவர் என்னும் நிரல். ஒவ்வொரு வேலைக்கும் ஓர் எண் உண்டு. வேலை முடிந்ததும் அந்த எண் நினைவகத்தில் பதிவாகும். வங்கியில் டோக்கன் எண் ஏறிக்கொண்டே போவதைப் போன்றது இது.

எண் ஏறாமல் நின்றுவிட்டால்? காசாளர் பெருந்தொகையை எண்ணிக்கொண்டிருக்கலாம், மயங்கியும் விழுந்திருக்கலாம். வெளியே நிற்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும் அல்லவா?

நிரலைப் படித்துப் பார்த்தே அது முடியுமா, முடியாதா என்று சொல்லிவிட முடியாதா என நீங்கள் கேட்கலாம். எல்லா நிரல்களுக்கும் பொருந்தும் அப்படிப்பட்ட வழிமுறை இருக்கவே முடியாது என்று ஆங்கிலேயக் கணித மேதை ஆலன் டூரிங் 1936-ஆம் ஆண்டிலேயே நிறுவிவிட்டார். எனவே டிரைவர் கடிகாரத்தைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

2007-இல் விற்பனைக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவில் இம்முறை புகுத்தப்பட்டது. ஒரு வேலை நீண்டுகொண்டே போனால், அதை ஒதுக்கிவைக்கும்படி வரைகலைச் செயலிக்கு ஆணை செல்லும். 2 விநாடிக்குள் வேலை முடியவும் இல்லை, ஒதுக்கப்படவும் இல்லை என்றால், செயலி உறைந்துவிட்டதாக முடிவு செய்யப்படும். உடனே அது புதிதாகத் தொடங்கப்படும். நாம் கண்ட கறுப்புத் திரை அதுதான்!

லினக்ஸில் இன்டெல் வரைகலைச் செயலிகளுக்கான ஐ915 டிரைவர், முன்பு 1.5 விநாடிக்கு ஒருமுறை இரண்டு செய்திகளைக் கவனித்தது. ஒன்று, முடிந்த வேலையின் எண். மற்றொன்று, செயலி கட்டளை படிக்கும் இடம். ஆனால் இடம் நகர்வது மட்டும் போதாது. செக்கு மாடு நாளெல்லாம் நடந்தாலும் ஊர் போய்ச் சேர்வதில்லை. முடிவற்ற சுழலில் சிக்கிய நிரலும் அப்படியே.

ஆகவே 2020-இல் வெளியான லினக்ஸ் 5.5 முதல் வேறொரு முறை வந்தது. வழக்கமாக 2.5 விநாடிக்கு ஒருமுறை ஒரு சிறு வேலை, நாடித்துடிப்பைப் போல, செயலிக்கு அனுப்பப்படுகிறது. அது முடியாவிட்டால் அதன் முன்னுரிமை படிப்படியாக உயர்த்தப்படும். அப்போதும் முடியாவிட்டால் செயலி மீட்டமைக்கப்படும்.

இதில் ஓர் இக்கட்டும் உண்டு. காலவரம்பு குறைவாக இருந்தால், நேர்மையாக உழைக்கும் நீண்ட கணக்கீடும் பாதியில் வெட்டப்பட்டு, அதுவரை செய்த வேலை வீணாகும். வரம்பு அதிகமானால், பயனாளர் பொறுமையிழந்து மின்விசையையே நிறுத்திவிடுவார். அதனால்தான் நிரல் எழுதுவோர் பெரிய கணக்கைச் சிறு சிறு துண்டுகளாக்கி அனுப்புகிறார்கள். துண்டு முடியும்போதெல்லாம் எண் ஏறும். செயலி உயிருடன் இருப்பதும் தெரியும்.

விளையாட்டுக்கு ஒரு கணிப்பொறி, வானிலைக் கணக்குக்கு மற்றொன்று. இரண்டுக்கும் ஒரே காலவரம்பு பொருந்துமா? நீங்களே சிந்தித்துப் பாருங்கள்.